பின்னால் இருக்கிற இரண்டு பொக்ஸும் ஏன் பேசவில்லை?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிற கேள்வி இது. ரொறன்ரோவில் இருக்கிற மாமா அனுப்பிய ரிசீவர் (சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கிற பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். படம் பார்க்கவென்றே ஹோலில் ஒரு கணினி. கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வயர் ரிவிக்குப் போகிறது, ரிவியிலிருந்து ஒப்டிக்கல் வயர் ரிசீவருக்குப் போகிறது. முன்னால் இரண்டு பொக்ஸிலும் சத்தம் வருகிறது. நடுவில் உள்ளதும் பின்னால் உள்ள இரண்டும் வாய் திறப்பதில்லை. விண்டோஸில் 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) என்று மாற்றப் போனால் ஸ்டீரியோ ஒன்றைத்தான் காட்டுகிறது. கடையில் புது சவுண்ட் கார்ட் போடச் சொல்கிறார்கள், போடலாமா? அப்பா வேறு ஒவ்வொரு நாளும் “உந்தப் பின் பொக்ஸ் ரெண்டும் என்னத்துக்கு?” என்று கேட்கிறாராம்.

போட வேண்டாம், தங்கச்சி. அந்தக் காசுக்கு இரண்டாவது எச்டிஎம்ஐ வயர் ஒன்று வாங்கி, மிச்சத்துக்கு அப்பாவோடு போய் ஐஸ்கிரீம் குடியுங்கள். கணினியில் கழற்றி மாற்ற ஒன்றுமில்லை, வயர் போகிற வழியில்தான் பிழை. கணினியின் எச்டிஎம்ஐ வயரை ரிவியிலிருந்து கழற்றி, ரிசீவரின் பின்பக்கத்தில் ‘இன்’ என்று எழுதியிருக்கிற ஓட்டை ஒன்றில் கொழுவுங்கள். ரிசீவரின் ‘அவுட்’ இல் இருந்து புது வயரை ரிவிக்குக் கொண்டுபோங்கள். பழைய ஒப்டிக்கல் வயர் அப்படியே கிடக்கட்டும். ரிவிக்குள்ளேயே ஓடுகிற யூடியூப், டிஷ் சனல்கள் ஆகியவற்றின் சத்தம் ரிசீவருக்கு வர அது உதவும்.

பெரும்பாலானவர்களுக்கு விஷயம் இதோடு முடிந்துவிடும். உங்களுக்கும் முடிந்தால் மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். முடியாவிட்டால் கவனமாக வாசியுங்கள்.

கோண்டாவில் ஆட்களுக்குத் தோட்டம் இறைக்கிறதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே மிசினைக் கழற்றுகிறோமா? வாய்க்கால் எங்கே உடைத்துக்கொண்டது என்று கரையோடு நடந்து பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான். படத்தின் கோப்பில் ஆறு சனல், அதாவது ஒவ்வொரு பொக்ஸுக்கும் ஒன்றாக ஆறு தனித்தனிச் சத்தம், இருக்கிறது. அதைப் படம் ஓட்டுகிற மென்பொருள் எடுக்கிறது, விண்டோஸுக்குக் கொடுக்கிறது, விண்டோஸ் வயரில் விடுகிறது, வயர் ரிசீவருக்குக் கொண்டுபோகிறது, ரிசீவர் ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கிறது. இதில் எந்த இடத்தில் ஆறு இரண்டானது என்பது ஒன்றுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்காமல் சாமான் வாங்கினால், வாங்கிய சாமானும் இரண்டு சனலோடுதான் ஓடும்.

உங்கள் வாய்க்கால் உடைத்தது ரிவியில். எச்டிஎம்ஐ வயரைக் கொழுவியதும் கணினியும் மறுபக்கத்துக் கருவியும் முதலில் கொஞ்சம் கதைத்துக்கொள்ளும். எந்த அளவு படம் காட்டுவாய், எத்தனை சனல் சத்தம் வாங்குவாய் என்று கணினி கேட்கும். மறுபக்கம் ஈடிஐடி என்ற ஒரு சிறு குறிப்பை நீட்டும். ரிவியின் வயிற்றுக்குள் இருப்பது இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஆகவே அது ‘இரண்டு’ என்று உண்மையைச் சொல்கிறது. விண்டோஸ் அதை நம்பி 5.1 என்ற தெரிவையே மறைத்துவிடுகிறது. அந்த ரிவிக்குப் பின்னால் ஒப்டிக்கல் வயரில் ஒரு ரிசீவர் தொங்குகிறது என்பது கணினிக்குத் தெரியவே தெரியாது. ஒருவேளை கணினி டொல்பி முறையில் அமுக்கிய சத்தத்தை அனுப்பினாலும், எச்டிஎம்ஐ வழியாக வந்ததை ஒப்டிக்கலில் விடும்போது பல ரிவிகள் அதை ஸ்டீரியோவாகச் சுருக்கித்தான் விடும். ரிசீவரை நடுவில் வைத்தால் குறிப்பை நீட்டுவது ரிசீவர். அது ஆறு, எட்டு என்று சொல்லும்.

சரி, ஒப்டிக்கல் வயரை நேரே கணினியிலிருந்து ரிசீவருக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கனபேர் கேட்கிறார்கள். அந்த வயர் 1983 இல் டொஷிபா கொண்டுவந்தது, சீடி பிளேயர் காலத்துச் சாமான். சுருக்காத சத்தம் என்றால் அதில் இரண்டு சனலுக்குத்தான் இடம். கணக்குப் பார்த்தால் விளங்கும். நொடிக்கு 48,000 தடவை சத்தத்தை அளந்து, தடவைக்கு 16 பிட், இரண்டு சனல் என்றால் நொடிக்கு 15 இலட்சத்துச் சொச்சம் பிட். அதையே 24 பிட்டில் ஆறு சனலாக்கினால் கிட்டத்தட்ட 69 இலட்சம். ஒப்டிக்கலில் அதற்கு வழியில்லை. ஆனால் டொல்பி டிஜிட்டல் ஆறு சனலையும் அமுக்கி, டிவிடியில் 448 கிலோபிட், ப்ளூரேயில் 640 கிலோபிட் என்ற அளவுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. அதே மாதிரி அமுக்குகிற இன்னொரு முறையான சாதாரண டிடிஎஸ் கூடினால் 1,509 கிலோபிட். இந்த இரண்டும் அந்த ஒழுங்கையால் நுழைந்துவிடும். ஆகவே ஒப்டிக்கலில் 5.1 வரவே வராது என்பதும் பிழை, எல்லாம் வரும் என்பதும் பிழை. படம் ஏற்கெனவே டொல்பி டிஜிட்டலிலோ டிடிஎஸ்ஸிலோ இருந்து, அதை அவிழ்க்காமல் அப்படியே அனுப்பினால் வரும். கணினி விளையாட்டுகளின் சத்தம் அப்படி அமுக்கி வருவதில்லை, அந்த நேரத்தில் உருவாகிறது. அதனால் அதற்கு ஒப்டிக்கலில் இரண்டு சனல்தான், மதர்போர்டில் அந்த நேரத்திலேயே அமுக்குகிற டொல்பி டிஜிட்டல் லைவ் என்ற வசதி இருந்தாலொழிய.

எச்டிஎம்ஐ நெடுஞ்சாலை. 2002 இல் வந்த முதல் பதிப்பிலேயே எட்டு சனல் சுருக்காத சத்தத்துக்கு இடம் இருந்தது. சத்தத்தில் ஒன்றும் குறையாமல் அமுக்குகிற டொல்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆகியவற்றை அவிழ்க்காமல் அனுப்புகிற வசதி 2006 இல் வந்த 1.3 இல் சேர்ந்தது. உங்கள் மாமாவின் ரிசீவர் அதற்குப் பிறகு வந்ததாக இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம்.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில், தங்க முலாம் பூசிய தடித்த வயர் போட்டால்தான் சரவுண்ட் சரியாக வரும் என்று எனக்கே சொன்னார்கள். விலை சாதாரண வயரின் ஆறேழு மடங்கு. எச்டிஎம்ஐயில் போவது எண்கள். படமும் சத்தமும் விட்டுவிட்டு வராமல் ஒழுங்காக வருகிறது என்றால் அந்த வயர் தன் வேலையைச் செய்கிறது. அதற்குமேல் வயரால் ஒரு சனலையும் கூட்ட முடியாது.

இனி விண்டோஸுக்கு வருவோம். ரிசீவரை முதலில் போட்டு, கணினி கொழுவிய ‘இன்’ஐ அதன் றிமோட்டில் தெரிவு செய்த பிறகு கணினியைப் போடுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். ரிசீவர் நித்திரையில் இருக்கும்போது கணினி விழித்தால், சில ரிசீவர்கள் ரிவியின் குறிப்பையே கணினிக்கு நீட்டிவிடும், திரும்பவும் ஸ்டீரியோ கதைதான். பிறகு விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் எம், எம், எஸ், வை, எஸ், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று அடியுங்கள். விண்டோஸ் 10 ஆனாலும் 11 ஆனாலும் பழைய சவுண்ட் பெட்டி திறக்கும். புது செற்றிங்ஸ் பக்கத்தில் தேடித் திரிவதைவிட இது சுகம். அதில் ‘பிளேபாக்’ பகுதியில் ரிசீவரின் பெயர் தெரியும். சில நேரம் கிராஃபிக்ஸ் கார்ட்டின் பெயரோடு சேர்ந்து இருக்கும். அதை டிஃபோல்ட் ஆக்குங்கள். பிறகு ‘கொன்ஃபிகர்’ அழுத்தி 5.1ஐத் தெரிவு செய்து ஒவ்வொரு ஸ்பீக்கர் படத்தையும் தொட்டுப் பாருங்கள். தொட்ட ஸ்பீக்கரில் மணி அடிக்க வேண்டும்.

5.1 இரண்டு விதமாகக் காட்டப்படலாம். ஒன்றில் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் இருக்கும், மற்றதில் பின்னால் இருக்கும். எதைத் தெரிவு செய்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து சேரும். மணி சரியான பொக்ஸில் அடித்தால் போதும், அதில் மண்டையை உடைக்க வேண்டாம். அடுத்த பக்கத்தில் எந்த ஸ்பீக்கர்கள் ‘ஃபுல் ரேஞ்ச்’ என்று கேட்கும். முன் இரண்டையும் பின் இரண்டையும் டிக் செய்துவிடுங்கள். பொக்ஸ் சிறியதுதானே என்று விட்டால் விண்டோஸ் அடிச் சத்தத்தைத் தன்பாட்டில் பிரிக்கத் தொடங்கிவிடும். அந்த வேலையை ரிசீவருக்கு விடுவதுதான் நல்லது. ரிசீவரில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மோல்’ என்று வைத்து, கிரொஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸில் விடுங்கள். அதற்குக் கீழுள்ள உறுமல் எல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும்.

மணி அடிக்காத பொக்ஸ் இருந்தால் ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘சரவுண்ட்’ என்றும் ‘சரவுண்ட் பாக்’ என்றும் இரண்டு சோடி இருந்தால், உங்கள் பின் பொக்ஸ் ‘சரவுண்ட்’ இல் இருக்க வேண்டும். பின்னால் வைக்கிறதுதானே என்று பாக்கில் கொழுவிய வீடுகளைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். பாக் என்பது 7.1, அதாவது ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்திருப்பவர்களுக்கு. வயரின் சிவப்பும் கறுப்பும் மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பொக்ஸில் மட்டும் மாறியிருந்தால் அது ஊமையாகாது. சத்தம் வரும், ஆனால் அடி இல்லாமல், எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல், சளி பிடித்த மாதிரி இருக்கும்.

மணி எல்லாவற்றிலும் அடிக்கிறது, படம் போட்டால் மட்டும் முன்னால் இரண்டு என்றால் பிழை விண்டோஸுக்கு மேலே, மென்பொருளிலோ கோப்பிலோ. இங்கேதான் ரிசீவரின் முகத்தில் இருக்கிற சின்னத் திரை கைகொடுக்கும். வீட்டில் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை, ஆனால் உண்மையைச் சொல்கிற ஒரே சாமான் அதுதான். படம் ஓடும்போது அதில் ‘டொல்பி டிஜிட்டல்’ அல்லது ‘டிடிஎஸ்’ என்று வந்தால், படம் அமுக்கிய நிலையிலேயே வந்து ரிசீவர் அவிழ்க்கிறது. ‘மல்டி சனல்’ என்று வந்தால் கணினியே அவிழ்த்து ஆறு சனலாகக் கொடுக்கிறது. இரண்டும் நல்லது. வெறும் ‘பிசிஎம்’ (சுருக்காத சத்தம்) அல்லது ‘ஸ்டீரியோ’ என்று வந்தால் உங்களுக்கு வருவது இரண்டு சனல். சில ரிசீவர்களில் தகவல் பொத்தானை அழுத்தினால் எத்தனை சனல் உள்ளே வருகிறது என்று படமாகவே காட்டும். கவனம், உள்ளே வருவதும் வெளியே போவதும் வேறு வேறு. இரண்டு சனலை வாங்கி ஐந்து பொக்ஸிலும் பரப்புகிற வித்தை ரிசீவருக்குத் தெரியும். எல்லாப் பொக்ஸிலும் சத்தம் வருகிறதே என்று ஏமாறக் கூடாது.

கணினி அவிழ்க்கலாமா, ரிசீவர் அவிழ்க்க வேண்டுமா என்று ஒரு பெரிய வாக்குவாதம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அது வேலையற்ற வாக்குவாதம். எச்டிஎம்ஐ இருக்கும்போது, ட்ரூஎச்டி போன்றதை எங்கே அவிழ்த்தாலும் கடைசியில் வருகிற எண்கள் ஒன்றுதான். கணினி அவிழ்த்தால் விளையாட்டு, படம், போனில் எடுத்த கல்யாண வீடியோ எல்லாம் ஒரே வழியால் சுகமாக ஓடும். மேலிருந்தும் சத்தம் வருகிற டொல்பி அட்மோஸ் வேண்டுமென்றால் மட்டும் நிலைமை மாறும். உயரத்திலிருந்து வருகிற சத்தங்களின் குறிப்புகள் அமுக்கிய சத்தத்துக்குள் இருப்பதால், அவிழ்க்காமல் ரிசீவருக்கே அனுப்ப வேண்டும். உங்களிடம் இருப்பது ஐந்து ஸ்பீக்கர், ஆகவே அந்தத் தலையிடி உங்களுக்கு இல்லை.

படம் ஓட்டுவதற்குக் கோடி என்ற மென்பொருளைப் பாவித்தால், சிஸ்டம் செற்றிங்ஸில் ஓடியோ பகுதிக்குப் போய் சனல் எண்ணிக்கையை 5.1 ஆக்குங்கள். வெளியே போகிற கருவியாக ரிசீவரின் பெயரையே, ‘வசாபி’ என்ற சொல்லோடு இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். வேறொன்றும் வேண்டாம். அவிழ்க்காமல் அனுப்ப ஆசையென்றால் ‘பாஸ்த்ரூ’ என்பதையும் போட்டு, ரிசீவருக்குத் தெரிந்த வகைகளை மட்டும் டிக் செய்யுங்கள். அந்தத் தெரிவே தெரியவில்லை என்றால் பக்கத்தின் கீழ் மூலையில் இருக்கிற ‘பேசிக்’ என்பதை ‘எக்ஸ்பேர்ட்’ வரை மாற்றிவிடுங்கள், வந்துவிடும். பாஸ்த்ரூ போட்ட பிறகு கணினியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, ரிசீவரின் றிமோட்தான். படம் ஓடும்போது கணினியின் மற்றச் சத்தங்களும் வராது. அது பழுது இல்லை, அதன் இயல்பு.

ஒப்டிக்கலைத் தவிர வேறு வழியே இல்லாதவர்களுக்கு இதே கோடியில் ஒரு நல்ல வித்தை இருக்கிறது. பார்த்தால் தலைகீழாகத் தெரியும். சனல் எண்ணிக்கையை 2.0 இல் வையுங்கள், பாஸ்த்ரூவைப் போடுங்கள், டொல்பி டிஜிட்டலை டிக் செய்யுங்கள். அப்போது ‘டொல்பி டிஜிட்டல் ட்ரான்ஸ்கோடிங்’ என்று ஒன்று கீழே தோன்றும். அதைப் போட்டால், வேறு வகையில் வந்த 5.1 சத்தத்தையும் கோடி அந்த இடத்திலேயே டொல்பி டிஜிட்டலாக அமுக்கி ஒப்டிக்கலில் விடும். 5.1 வேண்டும் என்பதற்காக அங்கே 5.1 என்று போட்டால் காரியம் கெட்டுவிடும்.

கோப்பில் ஆறு சனல் இல்லாவிட்டால் இதெல்லாம் வீண். பென்டிரைவில் கைமாறி வருகிற படங்களில் பாதிக்கு மேல் ஸ்டீரியோதான். இடம் மிச்சம் பிடிக்க யாரோ சுருக்கியிருப்பார்கள். மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. படத்தை அதற்குள் போட்டால் ஓடியோ என்ற பகுதியில் எத்தனை சனல் என்று ஒரு வரியில் சொல்லிவிடும். இரண்டு என்று இருந்தால் ரிசீவரைத் திட்டுவதில் நியாயமில்லை. யூடியூப்பும் அப்படித்தான், அநேகமாக இரண்டு சனல். 5.1 வருகிறதா என்று சோதிக்க யூடியூப்பைப் பாவிக்காதீர்கள். நல்ல டிவிடி ஒன்று போதும்.

ரிசீவரை நடுவில் வைப்பதில் ஒரு சில்லெடுப்பு உண்டு. ரிவி 4கே ஆகவும் ரிசீவர் பழையதாகவும் இருந்தால், எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள ரிசீவர் 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் விடும். மவுஸ் இழுபட்டு இழுபட்டு வரும். படம் பார்க்க அது பெரிதாகத் தெரியாது, நொடிக்கு 24 படச்சட்டம்தானே. பொறுக்க முடியாவிட்டால் கணினியில் இரண்டாவது வாய் இருக்கிறதா பாருங்கள். ஒன்றை நேரே ரிவிக்கும் மற்றதை ரிசீவருக்கும் கொடுக்கலாம். அப்போது விண்டோஸ் ரிசீவரையும் ஒரு மொனிட்டர் என்று நினைத்துக்கொள்ளும். இல்லாத மொனிட்டருக்குள் மவுஸ் போய் ஒளிந்துகொள்ளும். டிஸ்பிளே செற்றிங்ஸில் அந்தப் பொய் மொனிட்டரை மேல் மூலையில் மூலைக்கு மூலை தொடுகிற மாதிரி இழுத்துவிட்டால் தொல்லை குறையும். அதை நிறுத்திவிட மட்டும் கூடாது. எச்டிஎம்ஐயில் சத்தம் படத்தோடு சேர்ந்துதான் போகும், படத்தை நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும்.

எச்டிஎம்ஐயே இல்லாத பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தில் ‘மல்டி சனல் இன்’ என்று ஆறு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கணினியின் பச்சை, கறுப்பு, ஒரேஞ்ச் வாய்களில் இருந்து மூன்று வயர். பச்சை முன்னுக்கு, கறுப்பு பின்னுக்கு, ஒரேஞ்ச் நடுவுக்கும் சப்வூஃபருக்கும். வசனம் சப்வூஃபரில் முனகினால் ஒரேஞ்ச் வயரின் இரண்டு தலையையும் மாற்றிக் கொழுவுங்கள்.

இனி ரொறன்ரோ விஷயம். ரிசீவர் ஓடுகிறது என்றபடியால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதி ரிசீவர் விமானத்தில் வந்தவை. லண்டன், பாரிஸ், சுவிஸில் இருந்து வந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும், அங்கேயும் 230 வோல்ட்தான். கனடா 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். பின்பக்கத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அதை எங்கள் சுவரில் நேரே குத்தினால் ஒரு ‘டப்’, கொஞ்சம் புகை, பிறகு மச்சானுக்கு எப்படிச் சொல்வது என்ற யோசனை. எனக்கு இது நடந்தது. பிளக்கில் அடப்டர் பொருந்தியது, அதனால் எல்லாம் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன்.

ட்ரான்ஸ்போமர் வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ள வாட் அளவைவிட ஒன்றரை மடங்காவது தாங்குகிறதை வாங்குங்கள். கையடக்கமாக, பாரமில்லாமல் விற்கிற 100, 200 வாட் சாமான்கள் ஷேவருக்கானவை. கனடாவில் வாங்கிய சப்வூஃபரும் கரண்டில் ஓடுகிறதென்றால் அதையும் இந்த ட்ரான்ஸ்போமரிலேயே கொழுவ வேண்டும், கணக்கில் அதையும் சேருங்கள். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. ஆகவே ரிசீவர் கனடாவில் சுட்டதைவிட இங்கே கொஞ்சம் கூடச் சுடும். அலுமாரிக்குள் பூட்டி, மேலே பூப்போட்ட துணியை விரித்து, அதற்கு மேல் கல்யாணப் படம் வைக்கிற வழக்கத்தை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். சின்ன யூபிஎஸ்ஸில் கணினியை மட்டும் கொழுவுங்கள், ரிசீவர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மின்னல் தொடங்கினால் பிளக்கோடு டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

டிஷ் என்றதும் இன்னொன்று. ஸ்பீக்கரில் எந்த நேரமும் ‘உம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் இருந்தால், டிஷ் வயரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நின்றால் இரண்டு பக்கத்து எர்த்தும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கிறது என்று அர்த்தம். அதற்காகக் கணினி பிளக்கின் எர்த் கம்பியை வெட்டச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிர் காக்கிற கம்பி.

பொக்ஸ் வைக்கிற இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. பின் பொக்ஸ் என்று பெயர் இருந்தாலும் அவை செற்றிக்கு நேர் பின்னால் போக வேண்டியதில்லை. முன்னால் பார்த்துக்கொண்டு இருக்கிறவரின் இரு பக்கத்திலும், காதைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால், நேர்முகத்திலிருந்து 110 பாகை அளவில் இருந்தால் சரி. காது மட்டத்துக்கு ஓர் அடி மேலே வைக்கலாம். செற்றி சுவரோடு ஒட்டியிருக்கிற வீடுகளில் பக்கச் சுவரில் ஆணியடித்து மாட்டுவதுதான் வழி. எங்கள் ஹோல்களின் உண்மையான பிரச்சினை வேறு. சீமெந்து நிலம், வெறுஞ்சுவர், மேலே கொங்கிறீற். கைதட்டினால் திரும்பி வரும். ஸ்பீக்கருக்கும் செற்றிக்கும் நடுவில் தடித்த பாய் ஒன்றை விரித்து, யன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டுப் பாருங்கள். பல ஆயிரம் கொடுத்து வாங்குகிற சாமான் செய்யாத வித்தியாசத்தை அவை செய்யும்.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வந்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். அநேகமாக இன்னும் பெட்டியில் பொலித்தீனுக்குள் கிடக்கும். அதை மடியில் வைத்திருக்காமல், நீங்கள் இருக்கிற இடத்தில் காது உயரத்தில் ஒரு தாங்கியில் வையுங்கள். ரிசீவர் ஒவ்வொரு பொக்ஸிலும் ஒரு சத்தம் விட்டுத் தூரத்தையும் அளவையும் தானே கணக்குப் பண்ணும். ஃபானை நிறுத்துங்கள், தண்ணீர் மோட்டரை நிறுத்துங்கள். கோவில் திருவிழா நடக்கிற கிழமையில் இதைச் செய்யாதீர்கள். நான் ஒருமுறை பின்னேரம் செய்து, பக்கத்து வீட்டுச் சேவல் மூன்று தடவை கெடுத்தது.

எல்லாம் சரியாகிய பிறகு ஒரு புது முறைப்பாடு கட்டாயம் வரும். சண்டைக் காட்சியில் வீடு அதிர்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை என்பார்கள். 5.1 இல் வசனம் பெரும்பாலும் நடுப் பொக்ஸில்தான் வரும். ரிசீவரில் அந்த ஒன்றை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். நடுப் பொக்ஸ் ரிவி மேசையின் அடித்தட்டில் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி முகத்தைப் பார்க்க வையுங்கள். இரவில் பார்க்கும்போது ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று இருப்பதைப் போட்டால் பெரிய சத்தம் அடங்கி, சின்னச் சத்தம் உயரும். வசனமும் வாயும் பொருந்தாமல், சத்தம் முந்தி வந்தால் ரிசீவரில் ‘லிப் சிங்க்’ என்பதைப் பத்துப் பத்து மில்லிசெக்கனாகக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்பு ரிவியில் ‘கேம் மோட்’ போட்டுப் பாருங்கள், அநேகமாக அதிலேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக அப்பா. அவர் பார்ப்பது பெரும்பாலும் பழைய படங்களாக இருந்தால், வயர் எல்லாம் திருத்திய பிறகும் பின் பொக்ஸ் பேசாது. அந்தப் படங்கள் ஒரே சனலில் எடுக்கப்பட்டவை, பின்னுக்கு அனுப்ப அதில் ஒன்றுமில்லை. தொண்ணூறுகளில் கரண்டும் இல்லாமல் பற்றரியும் கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். ஒரு ஸ்பீக்கரை மண்பானைக்குள் வைத்தால் அதுவே பெரிய சரவுண்ட். அதனால் அப்பாவுக்குச் சனல் கணக்கெல்லாம் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. றிமோட்டில் ‘சரவுண்ட்’ அல்லது ‘மோட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு போனால் ‘ஓல் சனல் ஸ்டீரியோ’ என்று வரும். வருகிற சத்தத்தை எல்லாப் பொக்ஸிலும் ஒரே மாதிரி விடும். விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் பழைய பாட்டுக்கு அது குறைவில்லை. புதுப் படம் போடும்போது மட்டும் நீங்கள் அதைத் திரும்ப ‘ஓட்டோ’வுக்கு மாற்றிவிடுங்கள்.